வெட்டச் சொன்ன பதினெட்டு நிமிடம்

உச்சிப்புளி கடைவீதியில் யாரைக் கேட்டாலும் "ராமசுப்பிரமணியன் வீடியோ பிரமாதம்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராமசுப்பிரமணியன் ஸ்டூடியோ முதலாளி, அவ்வளவுதான். அவர் பேரில் வெளியே போகும் அத்தனை வீடியோவையும் ஒன்பது வருடமாக எடிட் செய்வது முருகலட்சுமி. நான் சேதுலட்சுமி, ஸ்டூடியோவை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

முருகலட்சுமி கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். அய்யா இருளாண்டிக்கு மிளகாய்த் தோட்டம். பிளஸ் டூ முடித்ததும் ஸ்டூடியோவில் பில் போட வந்தவள், எடிட்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு முகூர்த்த மாதத்தில் தானாகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில்கூட அவள் பெயர் கிடையாது. அவளுக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து கனகேஸ்வரி என்ற அம்மா வந்தார். கைக்குட்டையில் முடிந்து ஒரு மெமரி கார்டு கொண்டுவந்திருந்தார். அவர் கணவர் யோகலிங்கம் இறந்து அன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். ஒரே மகன் சசிகரன் மூன்று வருடத்துக்கு முன் மன்னாருக்குத் திரும்பிப் போனவன். காகிதம் எதுவும் சரியாகாமல் அப்பாவின் சாவுக்கு வர முடியவில்லை. அவனுக்காகச் செத்த வீட்டை முழுதாக எடுத்திருந்தார்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, கரண்ட் கொடுத்து, அப்படியே ஓடவிட்டிருக்கிறார்கள். நாலு மணி பத்து நிமிடம், ஒரே கிளிப். பிள்ளை தூரத்தில் இருந்தால் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, பிள்ளை. அண்டைக்கு அவன் அங்க கடற்கரையில கிரியை செய்யோணும். தேப்பன்ர முகம் பாராமல் எப்பிடிச் செய்யிறது?" என்றார் அந்த அம்மா. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "பந்தலுக்கு நீலத் தார்ப்பாய் கட்டினவங்கள். அதால அவற்ற முகம் நீலமாக் கிடக்கு. அந்தக் கோலத்தில என்ர மோன் பார்க்கக் கூடாது. அதை மாத்தித் தாங்கோ. வேற ஒண்டும் வெட்டாதேங்கோ."

ராமசுப்பிரமணியன் கார்டை விரல் நுனியில் வாங்கினார். "எழவு வீட்டு வீடியோவ எவன்மா நாலு மணி நேரம் பாப்பான்? பத்து நிமிசமா வெட்டிக் குடுத்தாப் போதாதா?" என்று அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டார். தாலி அறுந்து இருபத்திரண்டு நாளான பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? நான் இந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆதார் அட்டை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

முருகலட்சுமி கிளிப்பை எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் இழுத்தாள். பச்சைக் கோடு முக்கால்வாசி ஓடியது, நின்றது, சாஃப்ட்வேர் மொத்தமாக மூடிக்கொண்டது. திரும்ப இழுத்தாள். திரும்பவும் மூடிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை.

"கார்டு போச்சு. கேம்ப்ல எங்கனயோ ஓசி வாங்குன கார்டு, வேற எப்படி இருக்கும்? பார்மேட் அடிச்சுத் திருப்பிக் குடு" என்றார் முதலாளி. பார்மேட் அடித்தால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? முருகலட்சுமி கார்டை உருவித் தன் பர்சுக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். பிறகு அவள் கார்டை அவர் கண்ணில் காட்டவே இல்லை.

மறுநாளிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். உப்புக் காற்றில் எங்கள் பக்கத்தில் எல்லாமே துருவேறும். அதனால் கார்டு ரீடரின் முனைகளை ரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். பலனில்லை. கிளிப்பைக் கம்ப்யூட்டரின் டி டிரைவுக்கே காப்பி செய்து அங்கிருந்து இழுத்தாள். பலனில்லை. கிராஃபிக்ஸ் கார்டு சம்பந்தப்பட்ட செட்டிங்கை அணைத்துப் பார்த்தாள். அதுவும் இல்லை. கடைசியில் சாதாரண பிளேயரில் போட்டு, மற்ற வேலைகளுக்கு நடுவே நாலு மணி நேரத்தையும் பார்த்தாள். ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை.

"கார்டும் நல்லாருக்கு, கிளிப்பும் நல்லாருக்குக்கா" என்று தடுப்புக்கு மேலே எட்டிச் சொன்னாள். "பத்து நிமிசத்த மட்டும் தனியா எடுத்து உள்ள போட்டா ஏறுது. ஒரு மணி நேரமும் ஏறுது. ரெண்டு மணி நேரம் போட்டா விழுந்துருது. அப்ப படத்துல கோளாறு இல்ல. நீளம் கூடுறப்ப இங்கன ஏதோ ஒண்ணு நெறையுது."

இருபத்தெட்டாம் நாள் அது என்னவென்று பிடித்தாள். நீளமான கிளிப்பை உள்ளே எடுக்கும்போது சாஃப்ட்வேர் தன் தேவைக்குச் சில தற்காலிக ஃபைல்களை சி டிரைவில் எழுதும். கிளிப் நீள நீள அவையும் பெருகும். அந்த சி டிரைவில் ஒரு ஜிபிகூட இடமில்லை. இடத்தை எது அடைத்துக்கொண்டிருந்தது தெரியுமா? முதலாளி கைக்கு வசதியாக டெஸ்க்டாப்பிலேயே போட்டுவைத்திருந்த அவர் மகள் சிநேகாவின் சடங்கு வீடியோ. டெஸ்க்டாப்பில் கிடப்பதெல்லாம் சி டிரைவில்தான் உட்காரும். ஆறு மணி நேரம், வெட்டே இல்லாமல். "சிநேகா பைனல்", "சிநேகா பைனல் 2", "சிநேகா ஒரிஜினல் பைனல்" என்று மூன்று பிரதிகள்.

முருகலட்சுமி அதை அவரிடம் தன்மையாகத்தான் சொன்னாள். "அண்ணே, இத டி டிரைவுக்கு மாத்திக்கவா? இல்லாட்டி கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கிறவா?"

"அது என் மக விசேசம்மா! அத எப்படி வெட்டுறது?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்றேன். "ஒங்க மக சடங்குன்னா ஆறு மணி நேரம் வெட்டக் கூடாது. அந்தம்மா புருசன் சாவுன்னா பத்து நிமிசமாக்கணுமாக்கும்? ஒங்க குப்பைய அடைச்சு வச்சுக்கிட்டு ஒரு வாரமா அவுக கார்டு மேல பழி போட்டீகளே, நாக்கு கூசல?" என்று கேட்டேன். கடைவீதியே கேட்டிருக்கும். அவர் போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் ஒன்றும் வரவில்லை.

தற்காலிக ஃபைல்களை இனி டி டிரைவில் எழுதும்படி முருகலட்சுமி செட்டிங்கை மாற்றினாள். இரண்டு நிமிட வேலை. பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது.

அடுத்தது நீலம். எவ்வளவு நீலத்தை எடுப்பது? அந்த மனிதரை உயிரோடு அவள் பார்த்ததில்லை, நிறம் எப்படித் தெரியும்? அதற்கும் கிளிப்பிலேயே ஓர் இடத்தைக் கண்டுவைத்திருந்தாள். இரண்டாவது மணி நேரத்தில் காற்றடித்துத் தார்ப்பாய் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டுவிட, எல்லாரும் கயிற்றைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள். கனகேஸ்வரியை அதற்கு முன்பே உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். திரும்பக் கட்டி முடிக்கும்வரை யோகலிங்கம் மட்டும் படத்தில் இருக்கிறார், முகத்தில் நேர் வெயிலோடு. பதினெட்டு நிமிடம். எட்டிப் பார்த்த முதலாளி, "மொதல்ல இத வெட்டு, ஒரு ஆளும் இல்ல, சும்மா கெடக்கு" என்றார். அந்தப் பதினெட்டு நிமிடத்தில்தான் முகம் தன் நிறத்தில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மற்ற நேரம் முழுவதையும் அவள் திருத்தினாள்.

முப்பதாம் நாள் காலையில் போனில் பார்க்கிற அளவுக்குச் சுருக்கி, மன்னாருக்கு லிங்க் அனுப்பினாள். முன்னால் ஸ்டூடியோ பெயரும் ரோஜாப்பூவும் வரவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அவள் போடவில்லை.

அந்தியேட்டிக்கு மறுநாள் சசிகரன் ஸ்டூடியோவுக்கே கூப்பிட்டான். முருகலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள். முதலாளி தன் நாற்காலியில் இருந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மெஷினை நிறுத்தினேன்.

"அக்கா, ஒண்டும் வெட்டேல்லைதானே?"

"ஒரு நொடிகூட வெட்டல தம்பி."

பிறகு அவன் சொன்னான். "தார்ப்பாய் பிஞ்சு எல்லாரும் வெளியில ஓடின இடம் ஒண்டு இருக்கு, அக்கா. அப்பா மட்டும்தான் கிடக்கிறார். அதை மூண்டு தரம் பார்த்தனான். மற்ற நேரமெல்லாம் சனம். அந்தப் பதினெட்டு நிமிசம்தான் அவரோட ஆராவது இருக்கவேண்டி இருந்தது. நான் இருந்தனான்."