குட்டி விமானத்தில் ஓநாய் பார்க்கப் போனோம்

போன சனிக்கிழமை ஓநாய் பார்க்கப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் வாடகை வீடு, கோயில் அன்னதானம், பிள்ளைகளின் சோதனை மார்க் என்று உங்கள் தலையைத் தின்கிறவளுக்கு ஓநாயோடு என்ன சகவாசம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன்.

எல்லாம் என் கணவர் சிவநேசனால் வந்தது. கெல்சென்கிர்ச்சனில் பஸ் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை செய்கிறார். இருபத்தைந்து வருடம் முடிந்ததற்கு, கூட வேலை செய்கிறவர்கள் ஒரு கடித உறையை நீட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் என்றால் ஒரு மோதிரம், இல்லாவிட்டால் ஒரு சுவர்மணிக்கூடு. ஜெர்மன்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் குட்ஷைன் — பரிசுச் சீட்டு. பிறந்தநாளா, குட்ஷைன். கல்யாணமா, குட்ஷைன். இந்தக் குட்ஷைனில் ஒரு ஓநாய்ப் படம் கீறியிருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி விமானம்.

சிவநேசன் சாப்பாட்டுக் கோப்பையோடு டிவிக்கு முன்னால் இருந்து மிருகங்கள் பார்ப்பவர் என்பது கராஜில் எல்லோருக்கும் தெரியுமாம். அங்கே வேலை செய்யும் ஊவேக்கு விமானம் ஓட்டுவதுதான் பொழுதுபோக்கு. நான்கு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றில் அவருக்குப் பங்கு இருக்கிறது. காலையில் எங்களை ஏற்றிக்கொண்டு போய், போலந்து எல்லைப் பக்கம் லௌசிட்ஸ் என்ற பகுதியில் இறக்கி, ஓநாய் காட்டி, பொழுதுபடுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

"நீர் வாறீரோ, இல்லாட்டி நான் தனியப் போகவோ?" என்றார்.

"நான் வராட்டி, உங்களை ஓநாய் திண்டதுக்கு ஆர் சாட்சி?" என்றேன்.

விமானம் என்றா சொன்னேன்? எங்கள் கார் அதைவிடப் பெரிது. கதவைச் சாத்தினால் தகரப் பேணிச் சத்தம். நான் நல்லூர் முருகனையும் மடு மாதாவையும் — அவசரத்துக்கு யாராக இருந்தால் என்ன — மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவநேசனோ ஏறிப் பத்தாவது நிமிடம் குறட்டை. இரண்டரை மணி நேரமும் நித்திரை. இந்த மனுசனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புல்தரை ஒன்றில் இறங்கினோம். ஓநாய் காட்டும் வேலை கெர்ஸ்டின் என்ற பெண்ணுடையது. ஐம்பது வயது இருக்கும், நரைத்த பின்னல், ஆண்பிள்ளைச் சப்பாத்து. ஊவே எங்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்ரோல் அடிக்க வேறொரு விமானத் தளத்துக்குப் பறந்து போனார். மூன்று மணிக்கு வந்து ஏற்றுவதாகச் சொன்னார்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவம் பல காலம் குண்டு போட்டுப் பழகிய நிலம் அது. இப்போது ராணுவம் இல்லை. மணலும் புதரும் பைன் மரமும்தான். மனிதன் காலடி வைக்கப் பயப்படுகிற இடம் என்பதால் ஓநாய்கள் நிம்மதியாகக் குடியேறியிருக்கின்றன. ஏன் பயம்? வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றனவாம். பாதை ஓரம் முழுக்க மஞ்சள் பலகைகள்... 'இறங்காதே. உயிராபத்து.'

கெர்ஸ்டின் இரண்டே இரண்டு சட்டம் சொன்னார். ஒன்று, மணல் பாதையை விட்டு ஓரடிகூட வெளியே வைக்கக் கூடாது. மற்றது, ஓநாய் எதிரே வந்தால் ஓடக் கூடாது, குனியக் கூடாது. நிமிர்ந்து நின்று, சத்தமாகப் பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

"சத்தமாக் கதைக்கத்தானே உம்மைக் கூட்டி வந்தனான்" என்றார் சிவநேசன், தமிழில். நான் முறைத்தேன்.

நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன். சத்தமே இல்லை. கார் இல்லை, காகம் இல்லை, காற்றுக்கூட இல்லை. எங்கள் சப்பாத்து மணலில் அரைபடுகிற ஓசை மட்டும். நகரத்தில் இருக்கிறவர்களுக்கு அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று ஒரே புலம்பல். ஒரு நாள் அங்கே போய் நின்று பாருங்கள். காதுக்குள் உங்கள் இரத்தம் ஓடுவது கேட்கும்.

காட்டின் நடுவே திடீரென்று நான்கு ஆப்பிள் மரங்கள், வரிசையாக. கீழே பழம் கொட்டிக் கிடந்தது, பொறுக்க ஆள் இல்லை.

"இங்கே ஒரு கிராமம் இருந்தது. ராணுவத்துக்கு இடம் வேண்டும் என்று ஆட்களை எழுப்பிவிட்டார்கள்" என்றார் கெர்ஸ்டின்.

ஒரு வீட்டின் வாசற்படி மட்டும் மிஞ்சியிருந்தது. மூன்று படி. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. சிவநேசன் அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போவம்" என்றார். குரல் சரியில்லை. பசியாக்கும் என்று நினைத்தேன்.

மரக் குடில் ஒன்றுக்குள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஓநாய் வரவில்லை. இரண்டு மான்கள் வந்தன, எதையோ மோந்து பார்த்தன, தலைதெறிக்க ஓடின. அவ்வளவுதான். சரி, குட்ஷைன் வீண் என்று திரும்பி நடந்தோம்.

பாதி வழியில் கெர்ஸ்டின் நின்று மணலைக் காட்டினார். காலையில் நாங்கள் நடந்து வந்த தடங்கள். என்னுடையது, சிவநேசனுடையது, அவருடையது. அவற்றுக்கு மேலே — கவனியுங்கள், மேலே — ஒரு மிருகத்தின் தடம். நாய்த் தடம் மாதிரி, ஆனால் என் உள்ளங்கை அளவு.

"காலையிலிருந்து நம் பின்னால் வந்திருக்கிறது" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

நாங்கள் ஓநாய் பார்க்க வந்தோமா, ஓநாய் எங்களைப் பார்க்க வந்ததா?

அடுத்த வளைவில் நின்றது. இரண்டு பஸ் நீளத் தூரம் இருக்கும். மெலிந்த உடம்பு, நீளமான கால், மஞ்சள் கண். குரைக்கவில்லை, உறுமவில்லை. எங்களில் யாரையோ முன்பே தெரியும் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றது. கெர்ஸ்டின் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். "நிமிர்ந்து நில்லுங்கள். மெல்லப் பின்னால்... மெல்ல..."

அப்போதுதான் அந்தச் சத்தம். வெகு தூரத்தில் ஒரு எஞ்சின் இரைச்சல், வரவரப் பெரிதாகிக்கொண்டு. நகரத்தில் ஆயிரம் இரைச்சலுக்குள் அதைக் கேட்டிருக்கவே மாட்டோம். இங்கே வேறு சத்தமே இல்லை. ஊவேதான் திரும்பி வருகிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்களைக் கண்டு, இறக்கையை ஆட்டி வணக்கம் சொல்ல நினைத்தாராம். கொஞ்சம் தாழ வந்துவிட்டார்.

சிவநேசனுக்கு அது விளங்கவில்லை.

என் மணிக்கட்டை ஏதோ இரும்பு பிடித்தது. அடுத்த கணம் பாதைக்கு வெளியே, மஞ்சள் பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய பள்ளத்துக்குள் நான் குப்புறக் கிடந்தேன். எனக்கு மேலே சிவநேசன், முழுப் பாரத்தோடு. கெர்ஸ்டின் அலறுவது கேட்டது. இரண்டு சட்டத்தையும் ஒரே பாய்ச்சலில் உடைத்தாயிற்று. கீழே குண்டு இருக்கலாம், வெளியே ஓநாய். எனக்கு உயிர் போய் வந்தது.

"விடுங்கோ! அது ஊவேயப்பா!" என்று கத்தினேன்.

அவர் என் தலையை மணலோடு சேர்த்து அழுத்தினார்.

"தலையைத் தூக்காதை வதனி... சுத்திப்போட்டுத் திரும்பியும் வருவான். தூக்காதை."

என் பெயர் வதனி இல்லை.

அந்தக் குரலும் என் கணவருடையது இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையனின் குரல். என்னை அவர் ஒரு நாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. என் பிடரியில் அவருடைய மூச்சுச் சூடு. அந்த மூச்சில் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

முகத்தை மெல்லப் பக்கவாட்டில் திருப்பினேன். பள்ளத்தின் விளிம்பில், ஊதாப் பூப் புதருக்குள், ஓநாய். அதுவும் படுத்துக்கிடந்தது! வயிறு மண்ணோடு ஒட்டி, காது மடித்து, எங்களைப் போலவே. கண் மட்டும் என்மேல். விமானத்தின் நிழல் மூன்று பேரையும் தடவிக்கொண்டு போனது. மூன்று பேர் என்றுதான் எழுத வருகிறது.

அவர் சொன்னபடியே விமானம் சுற்றித் திரும்பியும் வந்தது. நாங்கள் விழுந்து கிடப்பதைக் கண்டு பதறித் திரும்பினாராம் ஊவே. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில்... சொல்ல வெட்கமாக இருக்கிறது, குண்டு விழப்போகிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

ஒன்றும் விழவில்லை. சத்தம் தேய்ந்தது. நான் கண் திறந்தபோது ஓநாய் இல்லை. எப்போது எழுந்தது, எந்தப் பக்கம் போனது... ஒரு சுள்ளி முறிந்த சத்தம்கூட இல்லை.

"அசையாதீர்கள்! உதவிக்கு ஆள் கூப்பிடுகிறேன்!" என்று பாதையில் நின்று கத்தினார் கெர்ஸ்டின்.

சிவநேசன் மெல்ல எழுந்தார். மணலைப் பார்த்தார். எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போனது.

"நான் மிதிச்ச இடத்திலை மட்டும் மிதியும்" என்றார்.

பாய்ந்து வந்த தடங்களிலேயே நாலே நாலு அடி வைத்து என்னை வெளியே கொண்டுவந்தார். கெர்ஸ்டின் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "இதை எங்கே பழகினீர்கள்?"

"அவுஸ்பில்டுங்" என்றார் சிவநேசன். தொழிற்பயிற்சியாம். அவர் சிரிக்கவில்லை.

புல்தரையில் ஊவே காத்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அந்த ஆறடி மனிதர் அழுதுவிட்டார். சிவநேசன் அவர் முதுகைத் தட்டி, "உன்னில் பிழை இல்லை" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "எனக்கு அதிலை ஏறேலாது. ரெயிலிலை போவம்" என்றார்.

கெர்ஸ்டின் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார். ரெயிலில் ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. நான்! பிறகு கேட்டேன்.

"வதனி... உங்கடை தங்கச்சியோ?"

தலையாட்டினார். கல்யாணம் பேசும்போது, ஒரு தங்கச்சி இருந்தவள், சின்ன வயதில் செங்கண்மாரி — மஞ்சள் காமாலை — வந்து செத்துப்போனாள் என்று சொல்லியிருந்தார்கள். நானும் அதற்கு மேலே கேட்கவில்லை. பெயரைக்கூட.

"கிணத்தடியிலை நிண்டனாங்கள். எனக்குப் பதினாலு, அவளுக்கு ஒன்பது. குண்டு போடுற பொம்மர் பிளேன் வந்துது. நான் ஓடிப்போய்ப் பங்கர்க் குழிக்கை விழுந்திட்டன். அவள் பின்னாலை வாறாள் எண்டுதான் நினைச்சனான். பக்கத்திலைதான் நிண்டவள், கையை எட்டிப் பிடிச்சிருக்கலாம்..."

"அப்ப ஏன் செங்கண்மாரி எண்டு சொன்னனீங்கள்?"

"நோய் வருத்தமெண்டால் ஆரும் மேலை கேக்க மாட்டினம். பொம்மர் எண்டால், 'நீ எங்கை நிண்டனி' எண்டெல்லோ கேப்பினம்."

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு மனிதனைத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எந்தக் கறிக்கு முகம் சுளிப்பார், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கிணற்றடி மட்டும் தெரியாது. மிச்ச வழி முழுக்க அவர் வதனியைப் பற்றிப் பேசினார். எச்சிலைத் தொட்டுத்தான் புத்தகம் புரட்டுவாளாம். பாவற்காய் தின்ன மாட்டாளாம். நான் அழுதேன், அவர் அழவில்லை. பேசி முடிந்ததும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் வேலை. கை கழுவச் சட்டையை மடித்தபோது கூட வேலை செய்யும் பெட்ரா பார்த்துவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் அடையாளம், கன்றிக் கறுத்துப்போய். அவள் மெல்லக் கதவைச் சாத்தினாள். பெண்கள் உதவி நிலையத்தின் தொலைபேசி எண் எழுதிய அட்டையை என் பாக்கெட்டில் வைத்தாள்.

"பயப்படாமல் சொல்லு. உன் கணவரா இப்படிப் பிடித்தது?"

"அவர்தான்" என்றேன். "இந்த முறை பிடித்துவிட்டார்."