சிவத்தின் வழக்கும் பிரிந்து நின்ற ஜூரியும்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு விதி: தீர்ப்பு நல்லதென்றால் எல்லோரும் வக்கீலின் கையைக் குலுக்குவார்கள், கெட்டதென்றால் நம்மை முறைப்பார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட தோழர்களே, தீர்ப்பே வராத நாளில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

எண்ணாத வோட்டு

எண்பதுகளின் கடைசி. செவன் கிங்ஸ் என்ற இடத்துப் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்த சிவம், காசுப்பெட்டியைப் பறிக்க வந்தவனைத் கூட்டுகிற தும்புத்தடியால் அடித்துவிட்டார். கள்வனின் கை முறிந்தது, வழக்கு சிவத்தின் மேல்! குற்றவாளி என்றால் சிறை. அதற்குப் பிறகு இந்த ஆங்கிலேயர் நாட்டில் இருக்க விடுவார்களோ என்ற பயம் வேறு.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரி, பன்னிரண்டு பேர், இரண்டு நாள் பேசியும் ஒத்துவரவில்லை. நீதிபதி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. வேறு ஜூரியோடு திரும்ப விசாரிப்பினம்" என்று சிவத்துக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நகரின் இன்னொரு மூலை எட்மண்டனிலிருந்து வான் வண்டி பிடித்து வந்த எங்கள் சனம் என்னை மொய்த்துக்கொண்டது. ஜூரியில் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று ஒரு பெரியவர் கேட்டார். அதைச் சொல்லமாட்டார்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்!

"வோட்டை எண்ணாமல் பெட்டியைப் பூட்டினால், அதுக்குப் பேர் எலெக்சனோ தம்பி?"

தேங்காய்ச் சண்டை

சிவம் விடுதலையானால் ஆர்ச்வே கோயில் முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாக அவர் மனைவி மலர் நேர்ந்திருந்தார். தேங்காய் மூட்டை காரில் தயாராக இருந்தது. இப்போது உடைப்பதா, வேண்டாமா? நடைபாதையிலேயே பட்டிமன்றம். பாதியை உடைக்கலாம் என்றார் ஒருவர். மலரின் மாமி மூட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒண்டும் உடைக்கேலாது! இப்ப உடைச்சால், அலுவல் முடிஞ்சுதெண்டு முருகன் அடுத்த விசாரணைக்கு வரமாட்டார்."

இரண்டாம் ஜூரி

சில மாதம் கழித்து அதே கூண்டு, புதிய பன்னிரண்டு பேர். மலர் பாதியாக இளைத்திருந்தார். "குற்றவாளி இல்லை" என்று ஜூரியின் தலைவி சொன்னது சிவத்துக்கு ஆங்கிலத்திலேயே விளங்கியிருக்கும். ஆனாலும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையே தமிழில் சொன்னேன். மேலே பார்வையாளர் மாடத்தில் எங்கள் சனம் போட்ட கூச்சலில் நீதிபதி முகம் சுளித்தார். எனக்கும் சேர்ந்து கத்த வேண்டும்போல் இருந்தது!

வெளியே மலர் அழுதுகொண்டே சிரித்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணை, முந்தின பன்னிரண்டு பேருக்கும் ஆராவது சொல்லிவிடுங்கோ. பாவம், அதுகள் இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்குங்கள்."

ஒரு முடிவுக்கு வரத் தெரியாத வெள்ளைக்காரர் என்று அந்த ஜூரியை மாதக்கணக்காகத் திட்டித் தீர்த்த எங்கள் ஆட்களுக்கு, அன்று தேங்காய் உடைக்கப் போக யார் யாருடைய வாகனத்தில் ஏறுவது என்று முடிவெடுக்கவே பொழுதுபட்டுவிட்டது.