வாய்க்காலில் விழுந்த டீசல்

கடலோரத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். படகிலிருந்தோ கப்பலிலிருந்தோ எண்ணெய் கொட்டினால் அங்கே போய்த் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது என் வேலை. அது மார்க்கையன்கோட்டையில் அண்ணன் வயலில் தேவைப்படும் என்று நினைத்ததே இல்லை.

விடுப்பில் வந்திருந்தேன். நடவு நேரம். காலையில் மதினியோடு வயலுக்குப் போனபோது, கிளை வாய்க்கால் பாலத்தில் திரும்பிய டிராக்டரிலிருந்து டீசல் கேன் உருண்டு விழுந்து உடைந்தது. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் மேல் பளபளவென்று எண்ணெய் ஏடு விரிந்துவிட்டது.

டிராக்டர்க்காரர் பதறிப்போய்ப் பக்கத்துக் கடையில் சோப்புத்தூள் வாங்கி வந்தார். தடுத்தேன்.

"அதைப் போட்டா எண்ணெய் மறைஞ்ச மாதிரி இருக்கும். பொடிப்பொடியா உடைஞ்சு தண்ணிக்குள்ள போயிரும். அப்புறம் எடுக்கவே முடியாதுங்க."

வைக்கோலைத் திரித்து வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டோம். கடலில் மிதவைத் தடுப்பு போடுவதும் இப்படித்தான். அங்கே நீரோட்டம் வேகமாக இருந்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கேயும் ஆனது. எண்ணெய் தடுப்புக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தது. அடுத்த நிலத்தில் உத்தமபாளையத்து பாய் ஒருவரின் நாற்றங்கால். அவர் அவசரமாக மடையை அடைத்துக்கொண்டிருந்தார். அது ரொம்ப நேரம் தாங்காது.

"நிக்கிற தண்ணியில இருந்தாத்தான் மதினி இதைப் பிடிக்க முடியும். எங்கயாவது பரப்பி நிறுத்தணும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. யார் வயலில் நிறுத்துவது?

மதினி, பரம்படித்து நடவுக்குத் தயாராகக் கிடந்த தன் வயலைப் பார்த்தார்.

"நம்ம மேல வயல்ல விட்ருவோம்."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவுக வந்தா நான் சொல்லிக்கிறேன். நீ அங்கன வரப்ப வெட்டு."

"வேண்டாம் ஆத்தா, நடவுக்கு ஆளு வந்துருச்சுல்ல?" என்று பாய் அங்கிருந்தே கத்தினார்.

"ஒங்க நாத்து போச்சுன்னா எங்கிட்டுப் போவீக? எங்களுக்குப் போனா ஒரு வயல்தான!"

வயலுக்குள் வந்ததும் தண்ணீர் அடங்கியது. காற்று எண்ணெயை ஒரு மூலைக்குத் தள்ளியது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் ஆவியாகப் போனது. அந்த நெடியில் தலை கிறுகிறுத்தது. மீதியை வைக்கோலில் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கூடவே உரச்சாக்கு நூலும் பிளாஸ்டிக் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. பல துணுக்குகள் நொய்யரிசியைவிடச் சின்னவை. கடல் தண்ணீரைச் சலிக்கும்போதும் எண்ணெய்க் கட்டிகளில் இவை ஒட்டியிருக்கும்.

"இதெல்லாம் நம்ம போட்ட சாக்கா?"

"வெயில்ல காஞ்சு உதிர்றதுதான் மதினி. சின்னதாகிக்கிட்டே போகும், அழியாது."

அவர் விரலில் ஒட்டியதை எடுத்து வாளியில் போட்டார். கைக்கு அகப்படாதவை தண்ணீரோடு போயிருக்கும்.

மதியம் அண்ணன் வந்தார். வயலைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். முகம் சுருங்கியது. "சரி, விடு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நாற்றம் போக நாளானது. அந்த மூலை மண்ணை வழித்தெடுத்த பிறகு, பாய் தன் நடவில் மிஞ்சிய நாற்றை முடிச்சு முடிச்சாக அனுப்பி வைத்தார். பிந்தி நட்ட பயிர் வெகுநாள் மஞ்சளாகவே நின்றதாம். கடற்கரைக்குத் திரும்பிய பின் ஒருநாள் மதினி போனில் சொன்னார்.

"அந்த மூலையில மட்டும் குட்டையா நிக்கிது. ஆனா கதிர் வந்துருச்சு."