கட்டம் கீறச் சொன்னவர்

பாரிஸின் லா சப்பலில் அவர் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். பேசும்போது அவருடைய மூன்று விரல்கள் மேசையில் தாளம் போடும். கடை மூலையிலிருந்த பச்சைத் திரைக் கணினி டெர்மினலின் மௌஸுக்கு மூன்று பொத்தான்கள். அதன் பழைய மென்பொருளை அவரே மறுபடி ஓடவைத்திருந்தார்.

"இந்தத் திரையிலை யன்னல் தானாத் திறக்காது அண்ணை. எவ்வளவு இடம் வேணுமோ அவ்வளவுக்கு நீங்கள்தான் கட்டம் கீறவேணும்," என்று மௌஸைத் தந்தார்.

ஓரமாகத் தீப்பெட்டியளவு கட்டம் இழுத்தேன். நாலு பேரோடு ஓர் அறையில் படுத்துப் பழகிய கை.

"இவ்வளவு இடமும் சும்மா கிடக்கு. ஆருக்கு விட்டு வைக்கிறியள்?" என்று அதை அழித்தார்.

இரண்டாம் முறை கரையிலிருந்து கரைவரை இழுத்தேன்.

ஊரிலிருந்து மனைவியும் மகளும் வர இருந்தார்கள். அன்று பின்னேரம் நகருக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் ஓர் ஒற்றையறை பார்க்கப் போனேன். "இரண்டு அறையோடை வீடு இருக்கோ?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டது என் வாய்தானா என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.