ஆல்பத்தில் அழுகிற பெண்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஒரு பாட்டைப் பற்றி எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். ஆனால் மாமாவின் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து ஆளாளுக்கு என்னைத்தான் கேட்கிறார்கள். பம்பையும் எலக்ட்ரிக் கிடாரும் முழங்குகிற கடைசிப் பாட்டில், கிடார் அடங்கியதும் பெண்கள் கூட்டமாக அழுகிறார்களே, அது நடிப்பா என்று. நான் அங்கே இருந்தேன். இருந்தும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த அழுகையைப் பதிவு செய்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான மாமா, பெங்களூரில் ஓட்டலில் கிடார் வாசித்தார். தோள்வரை முடி. பழைய இங்கிலீஷ் ராக் கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டு, அந்த மாதிரி கிடாரோடு நம் ஊர்ப் பாட்டைச் சேர்த்து ஆல்பம் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கிடாரும் டேப் ரெக்கார்டருமாக மொரப்பூரில் ரயில் இறங்கி, நேராகப் பெரியம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் சாவு வீடுகளில் பெரியம்மா ஒப்பாரி வைத்தால்தான் அழுகை நிறையும். ஆனால் அவர் சும்மா பாட மாட்டார்.

“ஆளு சாவாம எப்பிடிடா ஒப்பாரி வெக்கறது? யாரு பேரச் சொல்லி அழுவறது?”

“எதாச்சும் ஒரு பேரச் சொல்லுக்கா. இது இல்லன்னா என் ஆல்பமே இல்ல.”

“அப்ப உம் பேரச் சொல்லட்டுமா?”

மாமா கிடார்க் கம்பியை முறுக்கினார்.

பெரியப்பா பெங்களூருக்குக் கொத்தனார் வேலைக்குப் போய், வருசக்கணக்காகத் திரும்பவில்லை. பெரியம்மா தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, “அவரப் பாத்தியாடா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போன மாசம் பாத்தேங்கா. குண்டாயிட்டாரு. அந்தம்மாகூடத்தான் இருக்காரு. ரெண்டு புள்ளைங்க.”

பெரியப்பா கிடைத்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. பெரியம்மா கூடையை ஓரமாகத் தள்ளினார். பிறகு கொண்டையை அவிழ்த்துவிட்டு, “மெசினப் போடு” என்றார்.

“சாரம் கட்டி ஏறுன ராசா, எறங்கற வழி மறந்தீரா” என்று பெரியப்பாவின் பேரைச் சொல்லியே பாடினார். குரல் தெருவைத் தாண்டிப் போனது. குழாயடியிலிருந்தும் தக்காளிக் காட்டிலிருந்தும் பெண்கள் ஓடிவந்து, அவரைக் கட்டிக்கொண்டு மாரில் அடித்து அழுதார்கள். ஒருவர் மாலையோடு வந்து, “பெங்களூர்ல இருந்து பொணம் எப்பங்க வருது?” என்றார்.

“ஐயோ, யாரும் சாவலைங்க! ஆல்பத்துக்குப் பாடறாங்க!” என்று மாமா கத்தினார்.

“மூட்றா வாய. அக்கா புருசன் போய்ட்டான், இவனுக்குப் பாட்டாம். மொதல்ல அந்த முடிய வெட்டு” என்று பக்கத்து வீட்டு அக்கா அதட்டினார்.

நான் பெரியம்மாவின் சேலையை இழுத்து, “பெரியப்பாவ மாமா பாத்தாருல்ல?” என்று கேட்டேன். ஆல்பத்தில் காதுகொடுத்துக் கேட்டால் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. பெரியம்மா என் வாயைப் பொத்தி மடியில் சாய்த்துக்கொண்டார். அழுகைக்கு நடுவே, டேப் ஓடுகிறதா என்று மாமாவை ஒரு பார்வை பார்த்தார். மாமா அதற்குப் பிறகு பேசவில்லை. மெசினையும் நிறுத்தவில்லை.

குண்டாகிவிட்ட ஒருவருக்காக ஊரே அழுதது. விசயம் தெரிந்த இரண்டு பேரும் அதைத் தடுக்கவில்லை. அங்கே யார் யாரை ஏமாற்றினார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் காலை எங்கள் மாதா கோயில் பூசையில் சாமியார் பெரியப்பாவின் பேரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தார். பெரியம்மா அன்றைக்குத் தலையில் பூ வைக்காமல் தக்காளி பறிக்கப் போனார்.