உளுந்துக்கு விரித்த வைக்கோல்

பிள்ளைகளே, அறுபதுகளில் ஒரு வருஷம் சிதம்பரம் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. எங்கள் கொல்லையில் உளுந்து பூக்கிற நேரத்தில் மண் வெடித்துக் கிடந்தது. அப்போது என் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பிரசவமானதும் களி கிண்டித் தர அந்த உளுந்தைத்தான் நம்பியிருந்தோம்.

இருக்கிற ஈரமாவது காயாமல் இருக்கட்டும் என்று, கூரை வேய வைத்திருந்த வைக்கோலைச் செடிகளின் அடியில் பரப்பினேன். அது பாதிக் கொல்லைக்குக்கூட வரவில்லை.

பக்கத்துக் கொல்லை மாணிக்கம் வரப்பில் நின்று சிரித்தார். "என்னா மச்சான், செடிக்குப் பாய் விரிக்கிற? தலவாணி வேணாமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போனால், மாணிக்கம் தன் வீட்டு வைக்கோலைக் கொண்டுவந்து மீதிச் செடிகளுக்குப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"உன் மாட்டுக்கு என்னா பண்ணுவ மச்சான்?" என்று கேட்டேன்.

"அத அவுத்து உட்டா எங்கனா போயி மேஞ்சிக்கும். செடி எங்க போவும்? தங்கச்சிக்குக் களி வேணுமில்ல? நின்னு பாக்காத, அந்தப் பக்கம் பரப்பு."

செடிகள் தாக்குப்பிடித்துக் காய்த்தன. களி கிண்டிய அன்று முதல் கிண்ணம் அவர் வீட்டுக்குத்தான் போனது.

இப்போதெல்லாம் யாராவது என்னைக் கேலி செய்தால் எனக்குச் சட்டென்று கோபம் வருவதில்லை. விடியட்டும் என்று இருந்துவிடுகிறேன்.