ஒரு பிடித் தவிடும் பிரெஞ்சு ஆரும்

உங்களை யாராவது தவிட்டுக்கு விற்றிருக்கிறார்களா? என்னை விற்றார்கள். அண்ணனுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும், 'இது என் பிள்ளையே இல்லை' என்று எமனை ஏமாற்ற, அம்மா என்னை முறத்தில் கிடத்தி அப்பாவின் தங்கையிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பிடித் தவிடு வாங்கிக்கொண்டார். தோட்டத்துப் பழக்கம். ரப்பர் மரங்களை வெட்டி, தோட்டமே வீடுகள் வரிசைகட்டிய தாமான் ஆகி, நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும் அந்த வியாபாரம் மட்டும் காலாவதி ஆகவில்லை. எமனுக்கு அவ்வளவுதான் மூளை என்று நம்பிய குடும்பம்.

என்னை வாங்கிய அத்தை பிறகு ஒரு பாண்டிச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார். பிள்ளை இல்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில், முதல்முறையாகத் திரும்பி வந்தார். இரண்டு பெரிய பெட்டிகள். ஒன்று காலி.

"கஸ்டமர் வந்துட்டாங்க லா," என்றான் அண்ணன். "பெட்டியும் கொண்டாந்துட்டாங்க. ஒன்ன மடிச்சி வைக்க வேண்டியதுதான்."

சிரித்தேன். மறுநாள் அத்தை என்னை உட்காரவைத்துப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு யூடியூப் பார்த்து ஊறிய இங்கிலீஷ் வாய். வகுப்பில் அதுதான் என் கெத்து. அத்தை என் உதட்டுக்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு 'பாரிஸ்' சொல்லச் சொன்னார். டிஷ்யூ பறந்தது.

"இங்கிலீஷ்காரன் மாரி ஊதாதடி. இப்ப 'பல்லு' சொல்லு."

சொன்னேன். டிஷ்யூ அசையவில்லை.

"அதே ப-தான். அத எடுத்து இங்க போடு."

டி-யும் அப்படித்தான். இங்கிலீஷில் நாக்கு மேலே ஏறும். பிரெஞ்சில் 'தம்பி' சொல்வதைப் போலப் பல்லைத் தொட்டால் போதும். பல சொற்களில் கடைசி எழுத்து சும்மா நிற்கும், விழுங்கிவிட வேண்டும். 'ஆர்' என்கிற எழுத்துதான் கண்டம். தண்ணீர் இல்லாமல் தொண்டையில் கொப்பளிக்க வேண்டும். நான் முக்குவதைக் கேட்டு, "ம்மா, பூன முடி கக்குது!" என்று அண்ணன் கத்தினான்.

அந்த வாரமே அம்மா என்னைப் பாஸ்போர்ட் படம் எடுக்கக் கூட்டிப் போனார். எதற்கு என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு நேரா பாரு" என்பதுதான் பதில். எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பற்றிய முடிவு பிள்ளைகளுக்குக் கடைசியாகத்தான் தெரியும். காலுக்குப் புதுச் சப்பாத்தும் வாங்கினார். ஆர் வந்துவிட்டால் அத்தை என்னைப் பிரான்சுக்குக் கூட்டிப் போய்விடுவார். இதுதான் என் கணக்கு.

ஒரு மத்தியானம் குளியலறையில் அது வந்தே விட்டது. அசல் பிரெஞ்சு ஆர். யாருக்கும் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அத்தைக்கு முன்னால் வேண்டுமென்றே நம் ர-வைத்தான் உருட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் வாடியது. "வந்துரும்டி, வந்துரும்," என்று என் கையை இறுக்கிப் பிடிப்பார். அவருடைய உள்ளங்கை எப்போதும் வியர்த்திருக்கும். என்ன அவசரம் இவருக்கு என்று எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது அப்பா அத்தையிடம், "டிக்கெட் போட்டாச்சு. வியாழக்கெழம. பிள்ளைய நல்லா பாத்துக்க," என்றார்.

நான் கை கழுவுகிற மாதிரி எழுந்து பின்பக்கம் ஓடினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி கோழி வளர்ப்பவர். வேலியோரம் தவிட்டு மூட்டை இருக்கும். ஒரு பிடி அள்ளினேன். திரும்பி வந்து அத்தையின் இடது கையை விரித்து அதில் கொட்டினேன்.

"இந்தாங்க அத்தை, ஒங்க தவிடு. குடுத்தத வாங்கிக்கிட்டு என்னைய விட்டுருங்க."

அண்ணன்கூடச் சிரிக்கவில்லை. அம்மா என்னை அடிக்கக் கை எடுத்து, பாதியில் நிறுத்தினார். அத்தை கையை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் தவிடு உதிர்ந்தது. பேசியது என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"இவ ஒரு மாசம் கூட இருந்தா அவரு கை ஓங்க மாட்டாருன்னு நெனச்சேண்ணே. அப்படியே ஓங்குனாலும், நாலு வார்த்த தெளிவா பேசத் தெரிஞ்சா கீழ்வீட்டுக்கு ஓடிப்போயி ஆளக் கூப்புடுவால்ல... அதுக்குத்தான்."

அப்பா தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "எங்கயும் போவ வேணாம். இங்கயே இரு," என்றார்.

என்னிடம்தான் சொல்கிறார் என்று ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். நான் போகவில்லை, அது போதும் எனக்கு. அந்த 'அவர்' யார், எதற்குக் கை ஓங்க வேண்டும் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை இப்போது ஈப்போவுக்குப் பக்கத்தில் காம்பாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார்.